ஃபைலைத் தூக்கி வீசிய ஆபீஸ் முதல் 48 மணி நேர வேலைச் சட்டம் வரை: தொழிலாளர்களுக்கு அம்பேத்கர் செய்தது என்ன?

ஏப்ரல் 14, டிசம்பர் 6 வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். 8 மணி நேர வேலை, மகப்பேறு விடுப்பு, இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாமே அம்பேத்கர் கொடுத்தது என்று அதில் இருக்கும். பள்ளிப் பாடப் புத்தகமோ, அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர் என்ற ஒரு வரியோடு அவரை முடித்துவிடும்.

இரண்டுமே முழு உண்மை இல்லை. பட்டியலில் இருப்பதில் சில அவர் செய்தவை. சில அவர் தொடங்கி வைத்து, பிறகு வந்தவர்கள் முடித்தவை. சிலவற்றுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான், வேலை செய்யும் இடம் என்பதை அவர் எப்படிப் புரிந்துவைத்திருந்தார் என்பது தெரியும். அந்தப் புரிதல் அவருடைய சொந்த வேலை அனுபவத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

முதல் பெரிய வேலை: தாக்குப்பிடித்தது 11 நாள்

பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14, மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். மஹார் சாதி என்பதால் பள்ளியில் தனியாகக் கோணிச் சாக்கில் உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்துதான் தண்ணீர் தர வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. முடித்தார். பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் ஊர் திரும்பினார். படிக்கப் பணம் கொடுத்த பரோடா சமஸ்தானத்தில் 10 ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அப்போது அவருக்கு வயது 26. அந்த அலுவலகத்தில் அவர் அளவுக்கு வெளிநாட்டில் படித்தவர்கள் அபூர்வம். ஆனாலும் பியூன்கள் அவர் கையில் ஃபைலைக் கொடுக்க மாட்டார்கள், தூரத்தில் நின்று மேஜை மேல் வீசுவார்கள். அலுவலகத்தில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

தங்க இடமும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சி பெயரில் அறை எடுத்தார். 11ஆம் நாள் காலை, தடிகளோடு ஒரு கும்பல் வந்து வாசலில் நின்றது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. அவர் உதவி கேட்டுப் போனது இரண்டு நண்பர்களிடம். ஒருவர் இந்து. இவர் வந்தால் வீட்டு வேலைக்காரர்கள் நின்றுவிடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று நழுவினார். பூங்கா ஒன்றில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு, அன்று இரவு ரயிலிலேயே அம்பேத்கர் பம்பாய் திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை என்பது அவர் பிரச்சினை இல்லை. வேலை கிடைத்தது, பதவியும் இருந்தது. ஆனால் அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுத்தவை தண்ணீர், அறை, கைக்கு வராத ஃபைல் போன்ற 'சின்ன' விஷயங்கள்.

பேராசிரியர் ஆன பிறகும் தண்ணீர்ப் பிரச்சினை

பம்பாயில் பங்குச் சந்தை முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பொருளாதாரம் படித்தவருக்குப் பொருத்தமான தொழில்தான். ஆனால் அவர் என்ன சாதி என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. கடையை மூட வேண்டியதாயிற்று.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அவர் வகுப்பைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆசிரியர் அறையில் மட்டும் நிலைமை மாறவில்லை. பொதுப் பானையில் இருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள்.

படிப்பும் பதவியும் வந்தால் பாகுபாடு தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கை அவரிடம் உடைந்தது இப்படித்தான். 1920இல் மறுபடி லண்டன் போய், பொருளாதாரத்தில் டாக்டர் பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். 1927 மார்ச் 20 அன்று மஹாடில் உள்ள சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். பொதுக் குளத்தில் குடிக்கும் உரிமைக்கான அந்தப் போராட்டம் வரலாறு ஆனது. அதே கேள்வியைத் தொழிற்சாலைக்குள்ளும் அவர் எழுப்பினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நூல் அறுந்தால் வாயால் இழுக்க வேண்டும்: மில்லில் இருந்த சாதி

1928இல் பம்பாய் பஞ்சாலைகளில் ஆறு மாதம் நீடித்த மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கியவர்கள் கம்யூனிஸ்டுகள். கூலிக் குறைப்புக்கு எதிரான அந்தப் போராட்டத்தில் பட்டியலின மக்களும் இருந்தார்கள். ஆனால் மில்லில் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமே இல்லை. குறைந்த கூலி தரும் நூற்புப் பிரிவோடு அவர்களை நிறுத்திவிடுவார்கள்.

ஏன்? அப்போதைய தறியில், நாடாவின் சிறு துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சித்தான் வெளியே இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைப்பார். 'தீண்டத்தகாதவர்' தொட்ட நூல் தங்களுக்கு ஆகாது என்று மற்ற சாதித் தொழிலாளர்கள் மறுத்தார்கள். முதலாளி போட்ட விதி அல்ல இது. சக தொழிலாளர்கள் போட்ட தடை.

நெசவுப் பிரிவைத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்கச் சொல்லி வேலைநிறுத்தத் தலைவர்களை அம்பேத்கர் வற்புறுத்தினார். இல்லாவிட்டால் தன் மக்கள் போராட்டத்தில் நிற்க மாட்டார்கள் என்றார். அரைமனதாகத்தான் அதைச் சேர்த்தார்கள். 1929இல் மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது அவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். கடனில் மூழ்கியிருந்த தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப உதவினார். இதற்காக இடதுசாரிகள் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

அவர் வேலைநிறுத்தத்துக்கே எதிரியா என்றால், இல்லை. 1936இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரே சுதந்திரத் தொழிலாளர் கட்சி. பம்பாய் அரசு 1938இல் கொண்டுவந்த தொழில் தகராறு மசோதா, வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்துவதாக இருந்தது. அதைச் சட்டமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். வேலை செய்ய மறுக்கும் உரிமை இல்லாதவன் அடிமைக்குச் சமம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1938 நவம்பர் 7 அன்று அந்த மசோதாவுக்கு எதிராக, அதே கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து ஒரு நாள் வேலைநிறுத்தமும் நடத்தினார்.

புரமோஷன் ஏன் வரவில்லை?

1938 பிப்ரவரி. மன்மாட் நகரில் ரயில்வேயில் வேலை பார்த்த தலித் தொழிலாளர்களின் மாநாடு. அங்கே அம்பேத்கர் பேசியது, இன்றைய ஹெச்.ஆர். மொழியில் சொன்னால் 'கரியர் குரோத்' பற்றி.

தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேரும் தலித், சாகும்வரை கேங்மேனாகவே இருக்கிறார். போர்ட்டர் ஆகலாமே? ஆக முடியாது. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. சாதி இந்துவான ஸ்டேஷன் மாஸ்டர் இவரை வீட்டுக்குள் விட மாட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதை. கூலியாளாகச் சேரலாம், மெக்கானிக் ஆக முடியாது.

எந்த விதிப் புத்தகத்திலும் தலித்துக்குப் பதவி உயர்வு கிடையாது என்று எழுதியிருக்காது. ஆனால் நடைமுறை அப்படித்தான் இருந்தது. தொழிலாளர்களுக்கு இரண்டு எதிரிகள் உண்டு, ஒன்று முதலாளித்துவம், இன்னொன்று பார்ப்பனியம் என்று அந்த மாநாட்டில் சொன்னார். அந்தச் சொல்லால் ஒரு சமூகத்தினரைக் குறிக்கவில்லை, சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவமும் மறுக்கப்படும் மனநிலையைத்தான் குறிக்கிறேன் என்றும் விளக்கினார்.

1942: போராடியவர் கையில் துறை

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இன்றைய கணக்கில் மத்தியத் தொழிலாளர் துறை அமைச்சர் மாதிரி. அந்தக் கவுன்சிலில் இடம்பெற்ற முதல் தலித் அவர். 1946 வரை அந்தப் பதவியில் இருந்தார். நடந்தவற்றில் முக்கியமானவை இவை:

• முத்தரப்பு மாநாடு: அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் அமைப்பு 1942இல் நிரந்தரமானது.

• வேலையில் இட ஒதுக்கீடு: பட்டியலின மக்களின் குறைகளை எழுதி வைஸ்ராயிடம் மனுவாகக் கொடுத்தார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் அவர்களுக்கு 8.33 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது.

• சுரங்கத் தொழிலாளர் நல நிதி: 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு நேரில் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டே நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வெட்டி எடுக்கும் நிலக்கரி மீது தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவம் போன்ற வசதிகள் செய்யும் ஏற்பாடு இது.

• சம்பளத்தோடு விடுமுறை: 1945இல் தொழிற்சாலைச் சட்டத்தில் திருத்தம் செய்து, ஊதியத்துடன் கூடிய விடுமுறை சேர்க்கப்பட்டது.

• வேலைவாய்ப்பு அலுவலகங்கள்: இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித் தர உருவான அமைப்புதான், பின்னாளில் எல்லோருக்குமான 'எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்' ஆனது.

8 மணி நேர வேலை அவர் கொடுத்ததா?

வாட்ஸ்அப் பட்டியலில் அதிகம் சுற்றுவது இதுதான். 14 மணி நேரமாக இருந்ததை அவர் ஒரே நாளில் 8 ஆக்கினார் என்பார்கள். நடந்தது கொஞ்சம் வேறு.

8 மணி நேரம் என்பது உலகத் தொழிலாளர்களின் பழைய கோரிக்கை. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே அதுதான்: நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு விலக்கு கொடுத்து, வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வைத்தார்கள். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் மெட்ராஸ் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடியது இந்தச் சூழலில்தான்.

1934 சட்டம் 60ஐ 54 ஆகக் குறைத்தது. அம்பேத்கர் துறையில் இருந்தபோது கொண்டுவரப்பட்ட 1946 திருத்தம் 54ஐ 48 ஆக்கியது. அன்றாட உச்சவரம்பு 10 மணி நேரத்தில் இருந்து 9 ஆனது. ஆக, துல்லியமாகச் சொன்னால் அது 48 மணி நேர வாரச் சட்டம். வாரத்துக்கு 6 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு 8 வரும்.

அதாவது, வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 1919இலேயே ஒப்புக்கொண்ட அளவுகோல் இந்தியத் தொழிலாளிக்கு வர 27 ஆண்டு ஆனது. கோரிக்கைக்காகப் போராடியவர்கள் பலர். அதைச் சட்டமாக்கும் இடத்தில் இருந்தவர் அம்பேத்கர்.

இ.எஸ்.ஐ. திட்டத்துக்கான ஆய்வு பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது 1943இல். அறிக்கை 1944இல் வந்தது. சட்டம் நிறைவேறியது 1948இல். குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946இல் அறிமுகப்படுத்தியவர் அம்பேத்கர், அது சட்டமானதும் 1948இல். அப்போது தொழிலாளர் துறை அமைச்சர் ஜெகஜீவன் ராம். பி.எஃப். சட்டம் வந்தது 1952இல். அம்பேத்கர் 1951இலேயே அமைச்சரவையை விட்டு வெளியேறியிருந்தார்.

பெண் தொழிலாளர்கள்: பாராட்டும் விமர்சனமும்

1928இல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டு நலன் சார்ந்தது, அதனால் செலவில் பெரும் பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆனாலும் பெண்ணின் உழைப்பால் லாபம் பார்க்கும் முதலாளி முழுக்கக் கைகழுவ முடியாது என்றும் வாதாடினார். 1929இல் அது சட்டமானது. இந்திய அளவில் இதுதான் முதல் மகப்பேறு உதவிச் சட்டம். அவர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறுச் சட்டமும் இருமுறை திருத்தப்பட்டது.

அதே காலத்தில்தான் ஒரு சர்ச்சையும் வந்தது. நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை பார்க்கத் தடை இருந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1943இல் அரசு அதை நீக்கியது. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. துறைப் பொறுப்பில் இருந்த அம்பேத்கர்தான் 1944இல் மத்தியச் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இது தற்காலிக ஏற்பாடு என்றார். நிலத்தடியில் ஆணுக்கு என்ன கூலியோ அதேதான் பெண்ணுக்கும், பாலினம் பார்க்காமல் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை ஒரு தொழிலில் நிலைநாட்டப்படுவது இதுவே முதல் முறை என்றும் வாதிட்டார். 1946இல் தடை மறுபடி அமலுக்கு வந்தது.

சம கூலி கொடுத்தால் ஆபத்தான வேலை நியாயமாகிவிடுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. அதற்கு அவர் சொன்ன பதில் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டுப் போவது சரியாக இருக்காது.

7 பேர் குழு, ஒருவர் தலையில் வேலை

1947 ஆகஸ்ட் 29 அன்று அரசமைப்பு வரைவுக் குழு அமைந்தது. அம்பேத்கர் தலைவர், மொத்தம் 7 பேர். என்ன நடந்தது என்பதைப் பின்னர் அவையில் போட்டு உடைத்தவர் மெட்ராஸைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அவரும் அந்தக் குழுவின் உறுப்பினர்தான். ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவருக்கு வேறு அரசு வேலை, ஓரிருவர் உடல்நலம் சரியில்லாமல் டெல்லிக்கே வரவில்லை, கடைசியில் சுமை முழுக்க அம்பேத்கர் மேல் விழுந்தது என்றார்.

அப்போது அம்பேத்கருக்குச் சர்க்கரை நோய், கால் வலி. ஆனாலும் 1949 நவம்பர் 25 அன்று பேசிய நிறைவு உரையில், பாராட்டு முழுவதும் தனக்குச் சேராது என்றார். ஆலோசகர் பி.என். ராவ், தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜி பெயர்களைச் சொன்னார். நள்ளிரவு தாண்டியும் வேலை பார்த்த அலுவலக ஊழியர்களையும் மறக்காமல் குறிப்பிட்டார்.

அந்த ஆவணத்தில் வேலை பற்றி என்ன இருக்கிறது?

• பிரிவு 16: அரசுப் பணியில் எல்லோருக்கும் சம வாய்ப்பு. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காகப் பாகுபாடு கூடாது. போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இட ஒதுக்கீடு செய்யலாம்.

• பிரிவு 39: ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம்.

• பிரிவு 42: மனிதத்தன்மையுள்ள பணிச் சூழல், மகப்பேறு உதவி.

• பிரிவு 43: வாழத் தகுந்த ஊதியம். அதோடு ஓய்வு நேரமும், சமூக, பண்பாட்டு வாழ்க்கைக்கான வாய்ப்பும்.

ஒர்க்-லைஃப் பேலன்ஸ் என்று இப்ப நாம் சொல்வது 1950லேயே அரசமைப்புச் சட்டத்தில் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. பிரிவு 16 அடிப்படை உரிமை, மீறினால் நீதிமன்றம் போகலாம். மற்ற மூன்றும் அரசுக்கான வழிகாட்டும் நெறிகள். அவற்றை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது, தனிச் சட்டம் வர வேண்டும். அப்படி வந்தவைதான் 1961 மகப்பேறு உதவிச் சட்டமும் 1976 சம ஊதியச் சட்டமும்.

எழுதிய மை காயும் முன்பே சோதனை வந்தது. கல்வியிலும் வேலையிலும் வகுப்புவாரி இடம் தந்த மெட்ராஸ் மாகாண அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரும் போராட்டம் வெடித்தது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் அதே ஆண்டு வந்து, கல்வியில் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி திறந்தது. சட்ட அமைச்சராக நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடியவர் அம்பேத்கர். சில மாதங்களில், பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்ட மசோதா கிடப்பில் போடப்பட்டதால் பதவி விலகினார். 1956 அக்டோபரில் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார். வயது 65.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. 48 மணி நேரம் என்ற எண் 1946இல் எழுதப்பட்டதோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரிவு 16 அரசு வேலைக்கு மட்டும்தான். தனியார் நிறுவனத்தில் சாதியைக் காட்டி ஒருவரை ஒதுக்கினால், இந்தப் பிரிவைக் காட்டி நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நாட்டில் பெரும்பாலானோர் வேலை பார்ப்பது தனியாரிடமும் முறைசாராத் துறையிலும்தான். அம்பேத்கர் பரோடாவிலும் பம்பாய் மில்லிலும் பார்த்த தடைகளில் பாதிக்கு மேல், எந்த விதிப் புத்தகத்திலும் எழுதப்படாதவை. இன்றும் யாருக்கு அடுத்த புராஜெக்ட், யாரை டீம் லஞ்ச்சுக்குக் கூப்பிடுவது, மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தவருக்கு எந்த ரேட்டிங் என்பதெல்லாம் விதிகளுக்கு வெளியேதான் முடிவாகிறது.

அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் பட்டியல் வந்தால், தேதிகளைச் சரிபார்த்து ஃபார்வர்ட் செய்யுங்கள். கூடவே உங்கள் ஆபீஸில் கடந்த சில ஆண்டுகளில் புரமோஷன் கிடைத்தவர்கள் யார், கிடைக்காதவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மன்மாட் மாநாட்டில் ரயில்வே தொழிலாளர்கள் முன்னால் அவர் போட்டதும் இதே கணக்குத்தான்.